கடைசிப் பாகத்துக்கு முன் எதைத் திரும்ப வாசிப்பது?

தம்பி, ‘வீல் ஒஃப் டைம்’ என்ற ஆங்கில மிகைபுனைவு நாவல் தொடரின் கடைசியான 14ஆம் பாகம் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது, பழைய பாத்திரங்கள் பாதி மறந்துபோச்சு, முதலிலிருந்து தொடங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 12, 13 இரண்டையும் மட்டும் திரும்ப வாசியுங்கள். தொடரை எழுதிவந்த ரொபேட் ஜோர்டன் 2007இல் இறந்த பிறகு, அவருடைய குறிப்புகளை வைத்து பிரண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தவை 12, 13, 14 ஆகிய இந்த மூன்றும். ஒரே பாகமாக வரவிருந்ததுதான் மூன்றாகப் பிரிந்தது.

மற்றது, 14ஆம் பாகத்தின் 37ஆம் அத்தியாயத்தை இரவில் தொடங்காதீர்கள். அது மட்டுமே ஏறத்தாழ 200 பக்கம். நான் கிளிநொச்சி வீட்டு விறாந்தையில், முறிகண்டிக் கச்சான் சரையோடு பின்னேரம் இருந்தவன், கோழி கூவும்வரை எழும்பவில்லை. விடிய வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போய், இரணைமடு வாய்க்கால் வரம்பில் நின்றும் அழுதேன். ஞாயிறு காலையில் தொடங்குங்கள், சரியா?