டீ மேக்கரின் பழுது நோட்டு

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 31 வருட வேலை. பாதிக்கு மேல் டீ மேக்கராக, அதாவது கொழுந்து தூளாகும் வரை பக்குவம் பார்ப்பவனாக. இப்போது மூடிவிட்டார்கள். வயது 54. பையன் திருப்பூருக்கு வரச் சொல்கிறான். விடியற்காலை மூன்று மணிக்குத் தன்னால் விழிப்பு வருகிறது, எழுந்து போக இடமில்லை. நான் செய்த தூளையெல்லாம் யார் யாரோ குடித்துத் தீர்த்தாயிற்று. எனக்கென்று என்ன மிச்சம்?
ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். கையில் காசில்லாதவரிடம் வாழ்க்கையின் பொருள் பேசினால் எரிச்சல்தான் வரும். கடைசி மாத அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வருடங்களால் பெருக்கினால் பணிக்கொடை. 26,000 ரூபாய் என்றால் உங்களுக்கு 4,65,000. வேலை முடிந்த 30 நாளுக்குள் தர வேண்டும்; வராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். பி.எஃப். பென்ஷனை 50 வயதிலிருந்தே கேட்கலாம். ஆனால் 58-க்கு எத்தனை வருடம் முன்னால் வாங்குகிறீர்களோ, வருடத்துக்கு 4 சதவீதம் வெட்டு. முடிந்தால் பொறுங்கள்.

இனி மிச்சம். பறித்த இலையைக் காற்றில் வாட வைக்கும் வாட்டல் தொட்டியில் இலையை அள்ளி அழுத்திப் பார்த்து, "இன்னும் ஒரு மணி நேரம் காற்று போகட்டும்" என்று சொல்லியிருப்பீர்கள். எதை வைத்துச் சொன்னீர்கள்? ஃபேக்டரிப் பதிவேட்டில் எடையும் சூடும் இருக்கும், அந்தக் காரணம் இருக்காது. அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

ஒரு குயர் நோட்டு வாங்கி அதை எழுதுங்கள். வாழ்க்கை வரலாறு வேண்டாம்; பத்தாம் பக்கத்தில் முதலாளியைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள் (அதற்கு வேறு நோட்டு). பக்கத்துக்கு ஒரு பழுது: எப்படித் தெரிந்தது, ஏன் வந்தது, என்ன செய்தால் சரியாகும். சாக்கில் அமுக்கிக் கட்டிய கொழுந்து சூடேறி, வழியிலேயே சிவந்துவிடும். வாட்டல் போதாத இலை ரோலரில் களியாகிச் சாறு ஒழுகும். டிரையரில் சூடு மிஞ்சினால் மேலே பொறுக்குத் தட்டி உள்ளே ஈரம் நிற்கும், மூட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். குறைந்தாலோ காய்வதற்குள் இலை வெந்துபோய், சப்பென்ற டீ வரும். மாதத்தையும் ஊரையும் சேர்த்தே எழுதுங்கள்: கூடலூருக்கு ஈர இலை ஆனி ஆடியில், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகையில்.

கை அறிந்ததைத் தராசுக்கு மாற்றுவதுதான் கஷ்டமான பகுதி. ஒரு கிலோ கொழுந்தில் நீர் 78 சதவீதம் என்று வைத்தால், நீர் போக நிற்பது 220 கிராம். இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. தூளுக்கு 70 சதவீத ஈரம் வேண்டுமென்றால் வாடிய இலை சுமார் 730 கிராம் நிற்க வேண்டும். கையால் உருட்டும் ஆர்த்தடாக்ஸ் என்ற சுருள் இலை டீக்கு 65 சதவீதம், அதாவது 630 கிராம். மழை இலையென்றால் மேலே ஒட்டிய தண்ணீரைக் காற்றில் போக்கிவிட்டு எடை போடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு பொய் சொல்லும்.

நோட்டு மட்டும் போதாது. வீட்டில் டீ செய்து விற்க நினைக்கும் சிறு விவசாயிகள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். இலை பறிக்கத் தெரியும், அதற்கப்புறம் தடுமாறுவார்கள். அவர்களில் ஒருவருக்குக் கற்றுக்கொடுங்கள். குன்னூரில் உபாசியின் (தென்னிந்தியத் தோட்டக்காரர்கள் சங்கம்) வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் ஆள் கிடைக்கலாம்.

திருப்பூர் முடிவைத் தை தாண்டி எடுங்கள். மார்கழிக் குளிரில் கொழுந்து மெதுவாக வரும், மணம் கூடும், பழக நல்ல பருவம். ஐந்து கிலோ கொழுந்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் டீ கிடைக்கும். இரவெல்லாம் வாட்டி, அரை மணி நேரம், இடைவெளி விட்டு விட்டு உருட்டி, ஈரத்துணி மூடி இரண்டு மூன்று மணி நேரம் சிவக்க விடச் சொல்லுங்கள். நேரத்தைவிட மூக்கை நம்பட்டும்: பச்சை வாடை போய்ப் பழவாடை வந்ததும் உலர்த்த வேண்டும். முதல் தடவை விறகடுப்புக்கு நேர் மேலே தட்டை வைத்துவிட்டு, டீ ஏன் புகை நாறுகிறது என்று கேட்பார்கள். அதையும் நோட்டில் ஏற்றுங்கள்.