மத்தாப்பு சுற்றும் பிள்ளைகள்: இரவுப் படங்கள் பற்றிச் சில கேள்விகள்

மதுரையில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பது என் தொழில். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் மட்டும் கேமரா எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு. இந்த வருஷம் வந்த கேள்விகளுக்கு, கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, டிரைபாட் இருக்கு. ஷட்டர் எத்தனை செகண்ட் வைக்கணும்? (திருமங்கலம்)

ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 100, அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை) எஃப் 8, ஷட்டர் (படம் பதியத் திறந்திருக்கும் நேரம்) 2 செகண்ட். இதில் ஆரம்பியுங்கள் தம்பி. மத்தாப்பு இழுக்கும் வெளிச்சக் கோடு வெளுத்துப்போனால் பலரும் ஷட்டரைக் குறைக்கிறார்கள். அதனால் பயனில்லை. மத்தாப்பு ஓர் இடத்தைக் கடக்கிற அந்தக் கணம்தான் அங்கே பதிகிறது. ஷட்டர் இரண்டு செகண்டோ ஆறு செகண்டோ, அந்தக் கணம் மாறாது. ஷட்டரால் கோடு நீளும், பின்னணி வெளிச்சமாகும், அவ்வளவுதான். வெளுப்பைக் குறைக்க எஃப் 11-க்குப் போங்கள், துளை சின்னதாகும். ஃபோகஸுக்கு, பிள்ளை மேல் டார்ச் அடித்துப் பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும்.

வட்டம் அழகா விழுது. என் மகள் முகத்தைத்தான் காணோம், புகை மாதிரி தெரியுறா. (சோழவந்தான்)

அக்கா, எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. முகம் இல்லாத படத்தில் கோடு மட்டும்தான் மிஞ்சும்; அதை யார் சுற்றினால் என்ன?

கையோடு சேர்ந்து தலையும் ஆடுவதால் முகம் எந்த இடத்திலும் நின்று பதிவதில்லை. "கையை மட்டும் சுத்து, என்னைப் பார்" என்று சொல்லிப் பாருங்கள். தனி ஃபிளாஷ் இருந்தால் ரியர் கர்ட்டனில் வைத்து, பவரை 1/32-க்கு இறக்குங்கள். ஷட்டர் மூடும் நேரத்தில் ஃபிளாஷ் அடித்து, முகம் நச்சென்று பதியும்.

ஆனால் நான் இப்போது ஃபிளாஷை எடுப்பதே இல்லை. ஒரு தீபாவளிக்கு அண்ணன் மகள், ஆறு வயது, மொட்டை மாடியில் சுற்றோ சுற்றென்று சுற்றினாள். எல்லாம் கலங்கல். மத்தாப்பு முடியப்போகிற நேரம் கையை முன்னால் நீட்டி, பொறி கம்பியில் கடைசிவரை இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சுகூட விட்டிருக்க மாட்டாள். கன்னத்தில் பொன் நிறம், கண்ணுக்குள் இரண்டு குட்டிப் பொறிகள். அன்றிலிருந்து கடைசிச் சில செகண்டுகளுக்காகத்தான் காத்திருக்கிறேன். பெரும்பாலான பிள்ளைகள் அப்போது தானாகவே நின்றுவிடுகிறார்கள்.

பேர் எழுத வைக்கலாமா சார்? எழுத்து திரும்பி வருதே.

பிள்ளைக்கு எதிரே நிற்பதால் அப்படி. எடுத்தபின் படத்தை இடவலமாகத் திருப்பிவிடலாம். தமிழில் சிக்கல் புள்ளிதான்: புள்ளி வைக்கக் கையைத் தூக்கினால் அதுவும் கோடாக விழும். அந்த நேரத்தில் ஒருவர் லென்ஸ் முன்னால் கறுப்பு அட்டையைப் பிடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளிடம் இதைக் கேட்காதீர்கள். விளையாட்டு வேலையாகிவிடும்.

போன் மட்டும்தான் இருக்கு.

போதும். புரோ மோடில் (செட்டிங்கை நாமே மாற்றும் மோடு) ஐஎஸ்ஓவை ஆகக் குறைத்து, 1 செகண்ட் வையுங்கள். போனை அசையாமல் எதிலாவது சாய்த்து வைத்து, டைமர் போடுங்கள். நைட் மோடு பல படங்களை ஒட்டிச் சேர்ப்பதால் கோடு சில நேரம் துண்டுபடும்.

பேரனுக்கு நாலு வயசு. பயமா இருக்குப்பா.

பயம் நியாயம்தான் அம்மா. மத்தாப்பு 1000 டிகிரி செல்சியஸ் அளவுக்கு எரியும். அவன் வயதுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டாம். நீங்கள் மத்தாப்பைப் பிடியுங்கள், அவன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். முகம் அதிலேயே கிடைத்துவிடும். பருத்திச் சட்டை, காலில் செருப்பு, பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர். அணைந்த கம்பி உடனே வாளிக்குள் போக வேண்டும். என் அக்கா மகன் ஒரு கம்பியை மிதித்தபோது நான் கேமரா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குற்ற உணர்வு இன்னும் போகவில்லை. இப்போது கம்பிகளைக் கவனிக்கவென்றே ஒரு பெரியவரை நிறுத்திவிட்டுத்தான் கேமராவைத் தொடுகிறேன். சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், மை, மாவு எதுவும் பூசக் கூடாது. கொப்புளம் வந்தால் டாக்டர்.

எங்க ஊர்ல கார்த்திகைக்கு மாவளி சுத்துவோம். அதுக்கும் இதே செட்டிங்கா? (மேலூர் பக்கம்)

இல்லை தம்பி, வேறு. மத்தாப்பில் அலுமினியத் தூள் இருப்பதால் வெள்ளை வெளிச்சம். மாவளி என்பது பனம்பூவைச் சுட்டு இடித்த கரியைத் துணியில் பொதிந்து, பற்றவைத்துக் கயிற்றில் கட்டிச் சுற்றுவது. பொறி செம்மஞ்சளாக, மங்கலாக இருக்கும். ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 4 செகண்ட் வைத்துப் பாருங்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் பின்னணி மை இருட்டு. கார்த்திகை பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டி வரும், பொழுது சாய நிலா ஏறிவிடும். வயல், பனை, ஓட்டு வீடு எல்லாம் லேசாகத் தெரியும். பதினைந்து அடியாவது தள்ளி நில்லுங்கள், காற்று உங்கள் பக்கம் அடிக்காமல். சுற்றுகிற அண்ணன்களை நாலு படம் எடுத்தால் போதும். அப்புறம் கேமராவைச் சுற்றி நிற்கும் வாண்டுகள் பக்கம் திருப்புங்கள். அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் நிற்பார்கள்.