பழவேற்காடு ஏரிக்குப் போறவங்க கேட்டதும் நான் சொன்னதும்

நான் திருவொற்றியூர்காரன், என் பெரியம்மா வாக்கப்பட்ட ஊரு பழவேற்காடு. சின்ன வயசுல லீவுன்னா அங்கதான், இப்பவும் குளிர்காலம் வந்தா பைனாகுலர தூக்கிட்டு கிளம்பிடுவேன். பொங்கலுக்கு அங்க போலாம்னு நெனைக்கறவங்க நெறய பேரு கேட்டுட்டே இருக்கீங்க, எல்லாத்துக்கும் ஒரே எடத்துல பதில் சொல்லிடறேன்.

தண்டையார்பேட்டை தம்பி: அண்ணா, பூநாரை எந்த மாசம் வரும்? போன டிசம்பர்ல போயி ஒண்ணு கூட பாக்கல.

தம்பி, நீ போனது மழை முடிஞ்ச கையோட, அதான். நவம்பர்லருந்து மார்ச் வரைக்கும் சீசன்னு எல்லாரும் சொல்வாங்க, அது சரிதான், ஆனா மாசத்த விட தண்ணி எவ்வளவு நிக்குதுன்றதுதான் முக்கியம். பூநாரை, அதான் ஃபிளமிங்கோ, தலைய கவுத்து அலகால தண்ணிய அரிச்சு அதுல இருக்கற பாசி, குட்டி குட்டி இறால் மாதிரி பூச்சி இதெல்லாம் தின்னும், அந்த ரோஸ் கலரே அந்த சாப்பாட்டுலருந்துதான் வருது. கால் முட்டிக்கு கீழ தண்ணி இருந்தாதான் அதுக்கு வசதி. வடகிழக்கு மழை நல்லா பெஞ்ச வருசம் ஆரணி ஆத்து வெள்ளம் எல்லாம் ஏரிக்குள்ள வந்து ரொம்பிடும், அப்ப பறவைங்க ஆழம் கம்மியான பக்கமா தள்ளிப் போயிடும். பொங்கல் தாண்டி தண்ணி வத்த ஆரம்பிச்சதும் கூட்டம் கூட்டமா எறங்கும். என் அனுபவத்துல ஜனவரி கடைசி, பிப்ரவரி, காலைல 6 மணிலருந்து 9 மணிக்குள்ள. நானும் ஒரு டிசம்பர் முழுக்க மூணு தடவ போயி வெறும் தண்ணிய பாத்துட்டு வந்தவன், அதனால மனச விட்றாத.

ராயபுரம் அக்கா: வண்டி இல்ல, ரெண்டு பசங்க இருக்காங்க, எப்படி போறது?

அக்கா, கும்மிடிப்பூண்டி போற லோக்கல் ட்ரெயின்ல ஏறி பொன்னேரில எறங்கிடுங்க, அங்கருந்து திருப்பாலைவனம் வழியா பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கு. பாத்ரூம் பொன்னேரிலயே போயிட்டு கிளம்புங்க, பசங்களோட போறதால சொல்றேன். தொப்பியும் தண்ணியும் மறக்காதீங்க, கரையில நெழலே கெடையாது.

வியாசர்பாடி: நாங்க அஞ்சு பசங்க, போட்ல போயி முகத்துவாரம் பாக்கணும், எவ்வளவு கேப்பாங்க?

தம்பிங்களா, இது மட்டும் வேணாம். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஒரே குடும்பத்து சொந்தக்காரங்க போட்ல போயி கவுந்து 22 பேரு செத்துப் போனாங்க, லைஃப் ஜாக்கெட் இல்ல, செத்தவங்கள்ல குழந்தைங்களும் பொம்பளைங்களும் இருந்தாங்க. அதுக்கப்புறம்தான் சவாரிக்கு தடை வந்துச்சு. ஏரி பாக்க அமைதியா இருக்கும், பல எடத்துல ஒரு ஆள் ஒயரம் கூட ஆழம் இல்ல, ஆனா முகத்துவாரத்துல ஏரித் தண்ணியும் கடல் அலையும் மோதற எடத்துல இழுப்பு வேற மாதிரி. அங்கயே பொறந்து வளந்த எங்க பெரியப்பாவே காத்து பாத்து, நீரோட்டம் பாத்துதான் போவாரு. யாராச்சும் கரையில வந்து "வாங்க சார் கூட்டிட்டு போறேன்"னு கூப்ட்டாலும் ஏறாதீங்க. கடலும் ஏரியும் ரெண்டு பக்கமும் பாக்கணும்னா இப்ப பாலம் இருக்கு, லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் நடந்தோ பைக்லயோ போங்க, அதுவே கண்ணு நெறஞ்ச காட்சி.

மணலி: பறவைய தவிர வேற என்ன இருக்கு? என் வீட்டுக்காரருக்கு பறவைல இன்ட்ரஸ்ட் இல்ல.

டச்சுக் கல்லறைக்கு கூட்டிட்டு போங்க. வாசல்ல ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வச்சிருப்பாங்க, உள்ள 1600கள்ல செத்தவங்களோட பெரிய பெரிய கல்வெட்டுப் பலகைங்க, எழுத்து இன்னும் தெளிவா இருக்கு, தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கற எடம். நம்ம ஜார்ஜ் கோட்டைக்கு முன்னாடியே, 1613ல இங்க டச்சுக்காரங்க கெல்ட்ரியா கோட்டை கட்டிட்டாங்க. சோழமண்டலக் கரைக்கே அவங்களுக்கு இதான் தலைமையிடம், 1690ல நாகப்பட்டினத்துக்கு மாத்தற வரைக்கும். கோட்டை இப்ப புதர் மண்டின மேடுதான், ரொம்ப எதிர்பாத்து போகாதீங்க. இந்தக் கரையிலருந்து துணி மட்டும் போகல, மனுசங்களயும் அடிமையா கப்பல்ல ஏத்தி அனுப்புனாங்க, அந்த கல்லறைல நிக்கறப்ப எனக்கு அதான் ஞாபகம் வரும்.

அப்புறம் ஊருக்குள்ள முஸ்லிம் வீட்டுப் பொம்பளைங்க பனையோலைல பெட்டி, கூடை பின்னுவாங்க. பேரம் பேசாம வாங்குங்க, ஒரு பெட்டிக்கு அவங்க விரல் படற பாடு பாத்தா பேசவும் மாட்டீங்க.

காசிமேடு அண்ணன்: நான் கடல் தொழில்காரன்பா, அங்க தொழில் எப்படினு பாக்கணும்.

அண்ணே, உங்களுக்கு நான் என்ன சொல்ல! அங்க பாடு முறைனு ஒண்ணு இருக்கு, ஏரில நல்ல மீன்பாடு இருக்கற எடத்த குப்பத்து ஆளுங்க மொறை வச்சு பிரிச்சுப்பாங்க, இன்னிக்கு உனக்கு நாளைக்கு எனக்குன்னு. ரொம்ப காலமா வர்ற பழக்கம். கரையோரம் இருளர் பொம்பளைங்க தண்ணில உக்காந்து கையாலயே இறால் தடவி புடிச்சு, வாயில கவ்வியிருக்கற பறிக்குள்ள, அதான் சின்ன கூடைக்குள்ள, போடறதயும் பாப்பீங்க. கேக்காம போட்டோ எடுக்காதீங்கனு கூட வர்றவங்ககிட்ட சொல்லி வைங்க.

எண்ணூர்: சூளூர்பேட்டை பக்கம் போனா நல்லா தெரியும்னு சொல்றாங்களே?

உண்மைதான். ஏரில பெரும்பகுதி ஆந்திராலதான் இருக்கு. சூளூர்பேட்டைலருந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோடு ஏரிக்கு நடுவுலயே போகும், ரெண்டு பக்கமும் பூநாரை நிக்கும், ரோட்டுலருந்தே பாக்கலாம். அங்கருந்து நேலப்பட்டு சரணாலயமும் பக்கம், கூழைக்கடா (பெலிகன்) கூடு கட்டி குஞ்சு பொறிக்கற எடம். நம்ம பக்கம்னா அண்ணாமலைச்சேரி. ஆனா அங்க காஞ்சு கெடக்கற ஏரிப் படுகைல வண்டிய எறக்கிடாதீங்க, மேல வெள்ளையா உப்பு பூத்து கெட்டியா தெரியும், கீழ சேறு, என் பைக்க நாலு பேரு சேந்துதான் வெளிய இழுத்தோம்.

ட்ரோன் கொண்டு போலாமானும் ஒருத்தர் கேட்டீங்க. வேணாம், சரணாலயம், பக்கத்துலயே ராக்கெட் தளம் வேற. கைதட்டி பறக்க விட்டு வீடியோ எடுக்கறதும் அதே மாதிரிதான், ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த வலசைப் பறவைங்கல்லாம் அங்க எரை எடுத்து உடம்பு தேத்திட்டு இருக்கும், ஒவ்வொரு தடவ வெரட்டும்போதும் தின்னதெல்லாம் அந்தப் பறத்தல்லயே தீந்துடும்.

திருவொற்றியூர் டோல்கேட்: நண்டு எங்க வாங்கறது?

காலைல படகு வர்ற நேரத்துக்கு கரையிலயே. பச்சை நண்டு, கை கால் கட்டி உசுரோட குடுப்பாங்க, தூக்கிப் பாத்தா கனமா இருக்கணும். ஈர சாக்குல சுத்திட்டு வாங்க, வீடு வரைக்கும் தாங்கும்.