கத்தரிப் பூவுக்கு அதிர்வு வேண்டும்

நாட்டுத் தேனீக்கள், அவற்றுக்கு ஏற்ற செடிகள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, கத்தரி நிறையப் பூக்கிறது, காய் குறைவு. தேனீப் பெட்டி வைக்கட்டுமா?

முதலில் பூவைப் பாருங்கள் தம்பி. பூவின் நடுவே உள்ள பெண் பாகமான சூல்தண்டு, சுற்றியுள்ள மகரந்தப்பைகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூதான் காய்க்கும். உள்ளேயே குட்டையாக இருப்பவை பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அதற்குப் பூச்சியைக் குறை சொல்ல முடியாது. நீண்ட தண்டுள்ள பூவும் உதிர்ந்தால் பெட்டித் தேனீ அவ்வளவாகக் கைகொடுக்காது. கத்தரி மகரந்தப்பையின் நுனியில் சிறு துளைதான் இருக்கும். பூவைக் கவ்விப்பிடித்து, சிறகுத் தசையை அதிரவைத்தால்தான் அதிலிருந்து மகரந்தத்தூள் நன்றாகக் கொட்டும். தச்சுத்தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் இதைச் செய்யும்; பெட்டித் தேனீக்கு இது வராது. தக்காளிக்கும் இந்த அதிர்வு பிடிக்கும். வேலியோரம் ஆவாரை வையுங்கள், அதுவும் இதே வகைப் பூ. ஆனால் ஆவாரையில் மகரந்தம் மட்டுமே உண்டு, தேன் இல்லை. பறக்கத் தெம்பு வேண்டுமே! அதனால் பக்கத்தில் எருக்கோ துவரையோ இருக்கட்டும்.

தச்சுத்தேனீயா? எங்கள் உத்தரத்தைத் துளைக்கிறதே, கொட்டாதா?

ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணும் கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். மரத்தை அது தின்பதில்லை, குஞ்சுகளுக்கு அறை குடைகிறது. உத்தரத்துக்கு வண்ணம் பூசிவிட்டு, காய்ந்த மூங்கில் துண்டுகளை நிழலில் கட்டித் தொங்கவிடுங்கள்.

ரோஜா இலையில் வட்ட வட்டமாக வெட்டு. என்ன மருந்து அடிக்கலாம்?

எதுவும் வேண்டாம், தயவுசெய்து. இலைவெட்டித் தேனீ தன் கூட்டுக்கு உள்ளுறை தைக்க எடுத்துப்போன துண்டுகள் அவை. செடிக்கு ஒன்றும் ஆகாது.

தோட்டம் முழுக்க மண் தெரியாதபடி சருகும் வைக்கோலும் பரப்பி மூடாக்கு போட்டிருக்கிறேன். நல்லதுதானே?

மண்ணுக்கு நல்லது. ஆனால் உலகின் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை, அவற்றில் பல மண்ணைக் குடைந்து முட்டையிடுபவை. வெயில் படும், தண்ணீர் தேங்காத ஓர் ஓரத்தை வெறும் மண்ணாக விடுங்கள். கொத்தவும் வேண்டாம். அங்கே தும்பை முளைத்தால் களை என்று பிடுங்கிவிடாதீர்கள்.

புடலைப் பூவில் பகலில் எந்தப் பூச்சியும் உட்காருவதில்லையே அக்கா?

அது அந்தியில் விரிகிற பூ. இருட்டில் தெரிவதற்குத்தான் அந்த வெள்ளை நிறமும் நூல் நூலான விளிம்பும். அந்துப்பூச்சிகள்தான் அதற்கு விருந்தாளி. பந்தலருகே விளக்கு எரிந்தால் அவை பூவை விட்டு விளக்கையே சுற்றும். இன்று மாலை விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள்.