சப் அவுட் இல்லாத ஆம்ப்பில் சப்வூஃபர்

கேள்வி: வீட்டிலுள்ள ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் ‘சப் அவுட்’ (சப்வூஃபருக்கான இணைப்பு) இல்லை. இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள் மட்டும் ஓடுகின்றன. பாஸ் ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கரை வைக்க ஆம்ப்பையே மாற்றியாக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. சப்வூஃபரைப் பார்த்து வாங்கினால் போதும். தனக்கென ஆம்ப்பும் பவர் கார்டும் உள்ள ஆக்டிவ் வகையாக இருக்கட்டும்; பின்னால், ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்து நேரே ஒயர் வாங்கும் ‘ஹை லெவல்’ அல்லது ‘ஸ்பீக்கர் லெவல்’ இன்புட் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த சிலவற்றில் ஆர்சிஏ (நடுவில் ஒற்றைப் பின் உள்ள வட்ட பிளக்) இன்புட் மட்டுமே இருக்கும். சொந்த ஆம்ப் இல்லாத பேசிவ் சப்வூஃபர் வேண்டாம். 8 ஓம் ஸ்பீக்கரோடு 8 ஓம் சப்பை இணையாக மாட்டினால் சுமை 4 ஓமாக இறங்கி, தாங்காத ஆம்ப் சூடேறி அணைந்துவிடும்.

ஆம்ப், சப் இரண்டின் பிளக்கையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்பீக்கர் ஒயர் ஏற்கெனவே மாட்டியிருக்கும் அதே முனைகளிலிருந்து இன்னொரு ஜோடி ஒயரை சப்பின் ஹை லெவல் இன்புட்டுக்குக் கொண்டுபோங்கள்: இடது இடதுக்கு, வலது வலதுக்கு, சிவப்பு சிவப்புக்கு. ஒரே முனையில் இரண்டு ஒயரா என்று பயப்பட வேண்டாம். அந்த இன்புட் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுக்கும், மெல்லிய ஒயரே போதும். உறையை ஒரு சென்டிமீட்டருக்குச் சீவி, இழைகளை இறுக முறுக்கிச் செருகுங்கள். பிரிந்து நீட்டிய ஒரே ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட்தான்.

ஒயரை மாட்டும் முன் ஆம்ப்பின் கையேட்டில் ஒன்றைப் பாருங்கள். பிரிட்ஜ் முறையில் இயங்கும் ஆம்ப்களில் (டி வகுப்பு ஆம்ப்கள் பலவும் அப்படித்தான்) கறுப்பு முனையிலும் சிக்னல் ஓடும். சப்பின் கறுப்பு முனைகள் உள்ளே ஒன்றாகச் சேர்ந்திருந்தால் ஆம்ப் பழுதாகலாம். அப்படிப்பட்ட ஆம்ப்புக்கு எந்த முனையை எங்கே மாட்டுவது என்று சப் தயாரிப்பாளர் சொல்லியிருப்பதை மட்டும் பின்பற்றுங்கள்.

ஒலிப்பதிவுக் கருவிக்கான ‘ரெக் அவுட்’டிலிருந்து ஆர்சிஏ ஒயர் இழுக்கும் குறுக்கு வழி பயன்படாது. பொதுவாக அதில் வால்யூம் குமிழின் கட்டுப்பாடு இருக்காது; பாட்டைக் குறைத்தாலும் சப் மட்டும் அதிர்ந்துகொண்டே இருக்கும். வால்யூம் குமிழுக்குக் கட்டுப்படும் ‘ப்ரீ அவுட்’ இருந்தால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் சப்பில் ‘எல்எஃப்இ’ என்று எழுதிய இன்புட்டில் மாட்டாதீர்கள், பெரும்பாலும் அங்கே கிராஸ்ஓவர் குமிழ் (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப் ஒலிக்க வேண்டும் என்று வைப்பது) வேலை செய்யாது.

கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்து, சப்பின் வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள். சப் எங்கே இருக்கிறது என்று காது கண்டுபிடித்தால் அளவு கூடிவிட்டது. ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் மாற்றி, நீங்கள் உட்காரும் இடத்தில் எதில் பாஸ் திடமாகக் கேட்கிறதோ அதிலேயே விடுங்கள்.

கேள்வி: ஆர்சிஏ ஒயரில் இணைத்ததும் சப்பிலிருந்து ‘உம்ம்’ என்று விடாமல் இரைச்சல் வருகிறது. சப் பழுதா?

பதில்: வால்யூமைக் குறைத்து, சப்பிலிருந்து அந்த ஒயரை மட்டும் உருவிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் சப் மேல் குற்றமில்லை. கிரவுண்ட் லூப்பாக (கருவிகளின் எர்த் இணைப்புகளுக்கிடையே ஓடும் வேண்டாத மின்னோட்டம்) இருக்கலாம், அல்லது ஒயரே கெட்டிருக்கலாம். வேறு ஒயர் மாற்றிப் பாருங்கள். பிறகு ஆம்ப்பையும் சப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுங்கள். ஆம்ப்போடு டிவி பெட்டி இணைந்திருந்தால் அதன் கேபிள் ஒயரையும் கழற்றிச் சோதியுங்கள், பல வீடுகளில் வில்லன் அதுதான். அதற்கும் மசியாவிட்டால் ஆர்சிஏ ஒயரின் நடுவே அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடலாம். எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள். இரைச்சல் போகும், ஷாக் அடிக்கும்.

கேள்வி: இரவில் மெதுவாகப் பாட்டு வைத்தால் சப் தானாக நின்றுவிடுகிறது.

பதில்: பின்னாலுள்ள சுவிட்சை ‘ஆட்டோ’விலிருந்து ‘ஆன்’ பக்கம் தள்ளுங்கள். சிக்னல் மிகக் குறைவாக வரும்போது, பாட்டே இல்லை என்று நினைத்து அது தூங்கிவிடுகிறது.