ஹார்ட்விக்கின் பொய்ச் சன்னல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹார்ட்விக் ஹால் என்ற பழைய மாளிகையைப் பார்த்தேன். இத்தனை சன்னல்களை வைத்துக்கொண்டு குளிர்காலத்தை எப்படிக் கழித்தார்கள்? சிலவற்றுக்குப் பின்னால் வெறும் சுவர்தான். சன்னல் வரிக்குப் பயந்து அடைத்துவிட்டதாக உடன்வந்தவர் சொன்னார். இதைக் கட்டியவர் யார்?

கே.

அன்புள்ள கே.,

கட்டியவர் ஷ்ரூஸ்பரி பிரபுவின் மனைவி எலிசபெத், அதாவது பெஸ். வடிவமைப்பு ராபர்ட் ஸ்மித்சன் என்ற கட்டடக் கலைஞருடையது என்பார்கள். தேடினால் கிடைக்கும் தகவல், விடுங்கள்.

அந்த வரிக்கதையை மட்டும் விட முடியாது. வீட்டின் சன்னல்களை எண்ணி வசூலித்த அந்தச் சன்னல் வரி 1696-ல் வந்து 1851-ல் போனது. பெஸ் இந்த வீட்டில் குடியேறியது 1597-ல். நூறு வருடம் கழித்து வரப்போகிற வரிக்கு யார் சன்னலை அடைப்பார்கள்? இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தாலே போதும், அதைக்கூடச் செய்யாமல் எழுதியிருக்கிறீர்கள். வரிக்காக அடைப்பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செங்கல் வைப்பார். பின்னாளில் வைத்த அந்த அடைப்பு, சுற்றியுள்ள கட்டுமானத்தோடு பிணையாது. ஓரம் நெடுக நேர்க்கோடாக ஒரு இணைப்பு தெரியும். ஹார்ட்விக்கில் வெளியே கண்ணாடி அப்படியே இருக்கிறது. சுவர் அதற்குப் பின்னால்.

காரணம் வீட்டின் குறுக்குவெட்டில் இருக்கிறது. வெளி முகப்பு இடமும் வலமும் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும், உள்ளே அறைகளோ ஒரே உயரத்தில் இல்லை. நடுக்கூடம் இரண்டு மாடி உயரம். விருந்தினரை வரவேற்கும் பெரிய அறையும் நீண்ட கேலரியும் மேல்மாடியில் இருப்பதால் சன்னல்களும் மேலே போகப் போக உயர்கின்றன. சில இடங்களில் வெளியே ஒரே சன்னலாகத் தெரிவதை உள்ளே ஒரு தளம் குறுக்கே வெட்டுகிறது. சிலவற்றுக்குப் பின்னால் புகைபோக்கி ஏறுகிறது. முகப்பு கெடக் கூடாது என்று அங்கும் கண்ணாடியைப் பதித்தார்கள். துணிச்சலான முடிவு! இதைப் போய் வரி ஏய்ப்பு என்கிறார்களே என்றுதான் ஆத்திரம்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கணப்புகள் பெரும்பாலும் உட்சுவர்களில் இருக்கின்றன. வெளிச்சுவரைச் சன்னலுக்கு விட்டுக்கொடுக்க முடிந்ததும் அதனால்தான். சுவரை மூடிய திரைச்சீலைகளும் உதவின. ஆனாலும் குளிரத்தான் செய்திருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. இவ்வகைச் சன்னலில் சிறு கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகளில் கோத்து, அந்தப் பலகத்தைக் குறுக்கு இரும்புக் கம்பிகளில் கட்டியிருப்பார்கள். கட்டு அறுந்தால் காற்றழுத்தத்தில் ஈயம் வளைந்து பலகம் வயிறு தள்ளும், மழை உள்ளே இறங்கும். அதைவிட மோசம், கல்லுக்குள் செருகிய கம்பி முனை துருப்பிடிப்பது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கல் சட்டம் பிளந்துவிடும்.

அடுத்த முறை போகும்போது மேற்கு முகப்பைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். உள்ளே போய் ஒவ்வொரு தளத்தின் மட்டத்தையும் அதன்மேல் கோடாக இழுங்கள். எந்தச் சன்னல் எதற்காகப் பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும். வரைந்ததை எனக்கும் அனுப்புங்கள்.