முதலில் மின்சாரத்தைப் பாருங்கள்: வீட்டில் கட்டிய மியூசிக் பிளேயர் கேள்வி-பதில்

இம்முறை பெங்களூரு வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதி, "பாட்டு நடுவில் நின்றுவிடுகிறது, என்ன செய்வது?" என்ற ஒற்றை வரியோடு முடிந்திருந்தன. எந்த ராஸ்பெர்ரி பை (சிறிய கணினிப் பலகை, கீழே வெறும் 'பை'), எந்த டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி), எந்த மென்பொருள், எந்தச் சார்ஜர், பாடல்கள் எங்கே இருக்கின்றன என்ற ஐந்து விவரங்களையும் எழுதாதவர்களுக்கு ஊகத்தில் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. விவரத்தோடு எழுதியவர்களுக்கான பதில்கள் கீழே.

பை 4-இல் பாடல்களை இயக்கும் மூட் மென்பொருளை நிறுவி, பாடல்களைச் சிறிய யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். மூன்று நான்கு பாடல்களுக்குப் பிறகு ஒலி நின்றுவிடுகிறது. சில நேரம் பிளேயரே தானாக மறுபடி தொடங்குகிறது. மென்பொருளை மூன்று முறை அழித்து நிறுவிப் பார்த்துவிட்டேன். பயன்படுத்துவது கைபேசியோடு வந்த ஃபாஸ்ட் சார்ஜர். – வாசகர், மாரத்தஹள்ளி

மூன்று முறை மென்பொருளை நிறுவிய நேரத்தில் ஒரு முறை சார்ஜரை மாற்றியிருக்கலாம். ஃபாஸ்ட் சார்ஜர்கள் கைபேசியோடு பேசி 9 அல்லது 12 வோல்ட்டுக்கு உயர்ந்துதான் தங்கள் முழுத் திறனைக் காட்டுகின்றன. 5 வோல்ட்டில் அவற்றில் பல 2 ஆம்பியருக்கு மேல் தருவதில்லை. பை 4-க்கு வேண்டியது 5.1 வோல்ட், 3 ஆம்பியர். அதோடு நீங்கள் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க், சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் ஏறத்தாழ 1 ஆம்பியர் இழுக்கும். பை 4-இன் நான்கு யூஎஸ்பி துளைகளும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தர முடியும்.

சார்ஜர் நல்லதாக இருந்தாலும் கேபிள் கெடுத்துவிடும். மலிவான கேபிள்களுக்குள் இருக்கும் மெல்லிய கம்பி, போக வர ஒரு மீட்டர் நீளத்தில் 1 ஆம்பியருக்கு ஏறக்குறைய 0.4 வோல்ட்டை விழுங்குகிறது. சென்ற மாதம் நண்பர் ஒருவரின் பிளேயரில் மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பையின் பின் வரிசையில் இரண்டாம் பின்னிலும் (5 வோல்ட்) கறுப்பு முனையை ஆறாம் பின்னிலும் (கிரவுண்ட்) வைத்துப் பார்த்தேன். சும்மா இருந்தபோது 4.9 காட்டியது, டிஸ்க் சுழலத் தொடங்கியதும் 4.5-க்கு இறங்கியது, பையோடு இணைத்திருந்த டிவி திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்தது, பாட்டு நின்றது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்கும். (நீங்களே அளப்பதானால் கை நழுவக் கூடாது, 5 வோல்ட் தரும் நான்காம் பின்னையும் ஆறாம் பின்னையும் முனை சேர்த்துத் தொட்டால் நேரடி ஷார்ட் ஆகிவிடும்.) ராஸ்பெர்ரி பைக்கென்றே விற்கும் அடாப்டரை வாங்குங்கள், ஹார்ட் டிஸ்கைத் தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் வழியாக இணையுங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு பிளேயர் எழுந்திருக்கவே இல்லை. – ஸ்ரீராமபுரம்

பையின் மென்பொருள் இருக்கும் எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போனதால் கோப்பு அமைப்பு கெட்டிருக்கும். கார்டில் மென்பொருளை மறுபடி எழுதித்தான் ஆக வேண்டும். இம்முறை எல்லாம் சரியாக அமைந்ததும் கார்டின் முழு நகல் ஒன்றைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி மின்சாரம் போகும் தெருவில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது பைகோர்பிளேயர் என்ற மென்பொருள்தான். அது தொடங்கியதும் முழுவதுமாக ரேமுக்குள் ஏறி ஓடுவதால், பிளக்கைப் பிடுங்கினாலும் கார்டுக்கு ஆபத்து மிகக் குறைவு. அதுவும் சரியான அடாப்டர் இருந்தால்தான்.

நல்ல ஆம்ப்ளிஃபயர், நல்ல ஸ்பீக்கர். ஆனால் பிளேயரை இணைத்ததும் "உம்" என்ற இரைச்சல் தொடர்ந்து கேட்கிறது. எர்த் பின்னை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். – அல்சூர்

கடைக்காரர் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மூன்று பின் பிளக்கின் பெரிய பின், ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டியில் மின்சாரம் கசிந்தால் உங்கள் உயிரைக் காப்பதற்காக இருக்கிறது. இரைச்சலைப் போக்க அதை வெட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

உங்களுடையது எர்த் லூப், அதாவது இரண்டு வழிகளில் எர்த்தோடு இணைந்த கருவிகளுக்கிடையே ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம். காரணத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கேபிளாகக் கழற்றுங்கள். ஆம்ப்ளிஃபயரோடு டிவியும் இணைந்திருந்தால், மாடியிலிருந்து இறங்கும் டிஷ் கேபிளையே முதலில் கழற்றிப் பாருங்கள். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். அடுத்து நெட்வொர்க் கேபிள். சாதாரண ஈதர்நெட் கேபிள் இரு முனைகளிலும் டிரான்ஸ்ஃபார்மரால் தனிமைப்படுத்தப்பட்டிருப்பதால் தொல்லை தராது. ஆனால் "உயர்தரம்" என்று விலை கொடுத்து வாங்கிய உலோக உறை போட்ட கேபிள், ரூட்டரின் எர்த்தை நேராகப் பிளேயருக்குக் கொண்டுவந்துவிடும். அதை எடுத்துவிட்டு எளிய கேபிளைப் போடுங்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து எடுப்பதும் உதவும். அதற்கும் அடங்காவிட்டால் ஆப்டிகல் வழியாக ஒலியை அனுப்புங்கள். ஒளி செல்லும் இழையில் எர்த் ஓடாது.

320 கேபிபிஎஸ் எம்பி3 பாடல்கள் அனைத்தையும் ஃபிளாக்காக மாற்றிவிட்டேன். தரம் ஏன் கூடவில்லை? – எலெக்ட்ரானிக் சிட்டி

எம்பி3 ஆக்கியபோது வெட்டி எறியப்பட்டது, ஒலியை வெட்டாமல் சுருக்கும் ஃபிளாக்கில் போட்டாலும் திரும்பி வராது. பழைய எம்பி3 கோப்புகளை இன்னும் அழிக்காமல் இருந்தால் அவற்றையே வைத்துக்கொண்டு, மாற்றியவற்றை அழித்துவிடுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மாலை ஏழு மணிக்கு மேல் பாட்டு விட்டு விட்டு வருகிறது. ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் கொண்டது, இணைய வேகம் 200 எம்பிபிஎஸ். பிளேயர் பை 3பி, அலுமினியப் பெட்டிக்குள். – பானஸ்வாடி

இணைய வேகத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. உங்கள் பாடல்கள் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கின்றன. குறுந்தகட்டுத் தர ஃபிளாக்குக்கு 1 எம்பிபிஎஸ் போதும், அதைவிட நுட்பமான 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் பதிவுக்கே 10 எம்பிபிஎஸ்ஸுக்குள் முடிந்துவிடும். ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் கொண்டதாக இருக்கலாம், பை 3பிக்கு 2.4 மட்டுமே தெரியும். 2018-இல் வந்த 3பி பிளஸ்ஸில்தான் 5 வந்தது. மாலையில் பக்கத்து வீடுகளின் ரூட்டர்கள் எல்லாம் அந்த 2.4-இல் நெரிசலாக நிற்கின்றன. போதாக்குறைக்கு ஆன்டெனாவை அலுமினியத்துக்குள் அடைத்திருக்கிறீர்கள். ஈதர்நெட் கேபிள் இழுக்க முடிந்தால் அன்றோடு தொல்லை தீர்ந்தது. முடியாவிட்டால் பெட்டியைப் பிளாஸ்டிக்காக மாற்றி, ரூட்டரை 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததில் நிறுத்தி, பையின் வைஃபை மின்சேமிப்பை அணைத்துவிடுங்கள்.

பை 3 வரிசையில் ஈதர்நெட்டும் யூஎஸ்பியும் ஒரே யூஎஸ்பி 2 பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதையும் மனத்தில் வையுங்கள். யூஎஸ்பி டிஏசி, யூஎஸ்பி டிஸ்க், நெட்வொர்க் மூன்றையும் அதில் ஏற்றிவிட்டு "டிக் டிக்" என்று ஒலிக்கிறது என எழுதும் கடிதங்கள் மாதந்தோறும் வருகின்றன. சார்ஜர் சரியானதா என்பதையும் பாருங்கள்.

அப்பா சேர்த்துவைத்த பன்னிரண்டாயிரம் பாடல்களைப் பிளேயரில் ஏற்றினேன். ஆறு பாடல்கள் கொண்ட ஒரு படம் ஆறு ஆல்பங்களாகப் பிரிந்து நிற்கிறது. கலைஞர்கள் பட்டியலில் ஒரே இசையமைப்பாளர் ஐந்து முறை வருகிறார். தமிழில் தேடினால் கண்ணெதிரே இருக்கும் பாடலே கிடைப்பதில்லை. வேறு மென்பொருளுக்கு மாறட்டுமா? – விவேக்நகர்

மாற வேண்டாம். வால்யூமியோவுக்கோ லிரியானுக்கோ போனாலும் இதே குழப்பத்தைத்தான் பார்ப்பீர்கள், ஏனென்றால் குழப்பம் கோப்புகளுக்குள் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து டிஏசி வாங்குகிறவர்கள், பாடலின் பெயரைச் சரியாக எழுத ஒரு மாலைப் பொழுதைச் செலவழிக்க மறுப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். நம் திரைப்பாடல்களின் பெரும் செல்வம், யார் பாடியது, யார் எழுதியது என்பதற்குப் பதிலாக ஏதோ ஒரு தரவிறக்கத் தளத்தின் முகவரியைத் தாங்கிக்கொண்டு லட்சக்கணக்கான டிஸ்குகளில் கிடப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

ஆல்பம் பிரிவதற்குக் காரணம், ஆல்பம் கலைஞர் என்ற டேக் (கோப்புக்குள் பாடல் விவரத்தை எழுதும் இடம்) காலியாக இருப்பது. அப்போது மென்பொருள் ஒவ்வொரு பாடலின் பாடகரையும் வைத்துத் தனித்தனி ஆல்பம் ஆக்கிவிடுகிறது. திரைப்பாடல்களுக்கு நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது: ஆல்பம் கலைஞர் இடத்தில் இசையமைப்பாளர், கலைஞர் இடத்தில் பாடகர்கள், ஆண்டு இடத்தில் படம் வெளிவந்த ஆண்டு. குறுந்தகடு வெளிவந்த ஆண்டை அங்கே போடாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருந்தால் ஆல்பத்தின் பெயரோடு ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். கர்நாடக இசைக்கு ஆல்பம் கலைஞரும் கலைஞரும் பாடியவரே. கம்போசர் இடத்தில் தியாகராஜர், தீட்சிதர் என்று இயற்றியவர். ராகத்தைப் பாடல் பெயருக்குப் பின்னால் எழுதுங்கள், தேடும்போது பயன்படும். "எம்.எஸ்." என்று மட்டும் எழுதிவைத்தால் விஸ்வநாதனா சுப்புலட்சுமியா என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்?

இளையராஜாவை ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் பிளேயருக்கு அவர் வேறு ஆள். ஏதேனும் ஒரு வடிவத்தை முடிவு செய்து, எல்லாக் கோப்புகளிலும் அதையே வையுங்கள். தமிழிலேயே எழுதிவிடுங்கள் என்பது என் பரிந்துரை.

தமிழில் எழுதியும் தேடலில் அகப்படாததற்குக் காரணங்கள் வேறு. பழைய கோப்புகள் டாப், டாம், திஸ்கி போன்ற யூனிகோடுக்கு முந்திய முறைகளில் எழுதப்பட்டிருந்தால், திரையில் ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரியும். அவற்றை எழுத்து முறை மாற்றும் மென்பொருளால் யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். யூனிகோடிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. "கொ" என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தன. அப்படி வந்த ஒரு பெயரையும் நான் தட்டச்சு செய்த அதே பெயரையும் பைட் பைட்டாகத் திறந்து பார்த்தேன்: திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே, உள்ளே ஒரு "கொ" ஆறு பைட், மற்றது ஒன்பது பைட். தேடல் பைட்டைத்தான் ஒப்பிடுகிறது. இதோடு "கௌரி" என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு "கெளரி" என்று தட்டச்சு செய்யும் பழக்கமும் சேர்ந்துவிட்டால் அந்தப் பாடல் என்றைக்கும் அகப்படாது.

டேக்குகளைத் திருத்தும் எம்பி3டேக் அல்லது பிகார்ட் மென்பொருளை எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்குப் பத்து ஆல்பங்கள் என்று உட்காருங்கள். எம்பி3 டேக்கின் பழைய வடிவமான ஐடி3 முதல் பதிப்பு டேக்குகளை நீக்கிவிடுங்கள். அதில் ஒரு பெயருக்கு 30 பைட்தான் இடம், தமிழில் பத்துக் குறியீட்டோடு தீர்ந்துவிடும். தொடங்குவதற்கு முன் டிஸ்கின் நகல் ஒன்று தனியே இருக்கட்டும். அப்பா அருகில் இருந்தால் அவரையும் உட்காரவையுங்கள். யார் பாடியது என்பது அவருக்குத்தான் நினைவிருக்கும்.

எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஊதா நிற பிசிஎம்5102 டிஏசி போர்டைப் பையின் பின்களில் இணைத்தேன். மென்பொருள் பாடுவதாகக் காட்டுகிறது, ஒலி இல்லை. – ஒயிட்ஃபீல்டு

போர்டின் முன்பக்கம் எஸ்சிகே என்று குறித்த இடத்தில் உள்ள இரண்டு புள்ளிகளைச் சால்டரால் இணைத்தீர்களா? பின்பக்கம் நான்கு இணைப்புகளில் மூன்றாவது மட்டும் ஹெச் பக்கமும் மற்ற மூன்றும் எல் பக்கமும் இருக்க வேண்டும். மூன்றாவது திறந்திருந்தால் சிப் வாயை மூடிக்கொண்டிருக்கும். சிக்னல் கம்பிகள் ஜிபிஐஓ 18, 19, 21 ஆகியவற்றில் இருக்க வேண்டும். இவை பையின் சிப் தன் சிக்னல்களுக்கு வைத்திருக்கும் ஜிபிஐஓ எண்கள். பின்னின் வரிசை எண்கள் அல்ல. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். கடைசியாக, பையின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில், இந்தப் போர்டைப் பைக்கு அறிமுகப்படுத்தும் ஹைஃபைபெர்ரி டிஏசி ஓவர்லே என்ற வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கச்சேரிப் பதிவில் ஆலாபனை முடிந்து கிருதி தொடங்கும் இடத்தில் சிறு இடைவெளி விழுகிறது. – ஜெயநகர்

எம்பி3 கோப்பின் முன்னும் பின்னும் சிறிது மௌனம் ஒட்டிக்கொள்வது அதன் இயல்பு. குறுந்தகட்டிலிருந்து நேராக ஃபிளாக்காக எடுங்கள்.

கூடத்திலும் சமையலறையிலும் இரண்டு பிளேயர்கள். ஒரே பாட்டைப் போட்டால் எதிரொலி போல் கேட்கிறது. – பன்னர்கட்டா சாலை

இரண்டையும் தனித்தனியாகப் பாட வைத்தால் அப்படித்தான் ஆகும். பல பிளேயர்களை ஒன்றாகப் பாட வைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன: இரண்டிலும் ஸ்னாப்காஸ்ட், அல்லது இரண்டிலும் ஸ்குவீஸ்லைட் போட்டு லிரியான் சர்வரின் கீழ் ஒத்திசையுங்கள். ஒன்றில் இது, மற்றதில் அது என்று கலக்காதீர்கள்.

பழைய நாஸ் (நெட்வொர்க்கில் இணையும் டிஸ்க்) பெட்டியில் உள்ள பாடல்கள் புது பிளேயருக்குத் தெரியவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் தெரிகிறது. – ராமமூர்த்தி நகர்

உங்கள் பெட்டிக்கு, நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி முறையின் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். பிளேயரின் இயங்குதளமான லினக்ஸ், 2017-க்குப் பிந்தியதானால், தானாக அதைப் பேசுவதில்லை. இணைப்பு அமைப்பில் பதிப்பு 1.0 என்று குறிப்பிட்டால் இப்போதைக்கு ஓடும். பாதுகாப்பற்ற பழைய முறை என்பதால் பாடல்களை வேறு டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள்.

பிசிஎம்5102 போர்டு உள்ள பிளேயரில் ஒலியளவைக் குறைக்கும் பட்டியே வேலை செய்யவில்லை. பவர் ஆம்ப்ளிஃபயரில் குமிழ் கிடையாது. முதல் பாட்டே வீடு அதிரப் பாடியது. – கோரமங்கலா

உடனே அணைத்தீர்கள் என நம்புகிறேன். பிசிஎம்5102-இல் வன்பொருள் ஒலிக்கட்டுப்பாடு இல்லாததால், மென்பொருளில் ஒலிக்கட்டுப்பாடு "இல்லை" என்று இருந்தால் முழு 2 வோல்ட்டும் ஆம்ப்ளிஃபயருக்குப் போய்விடும். அமைப்பில் "மென்பொருள்" என்பதைத் தேர்ந்தெடுத்து, தொடக்க ஒலியளவை 20-க்கு மேல் வைக்காதீர்கள். செலவைத் தாங்க முடிந்தால் இடையில் குமிழ் உள்ள சிறிய ப்ரீஆம்ப் ஒன்றைப் போடுங்கள். பிளேயரை முதலில் போட்டு, அது முழுமையாக எழுந்த பிறகே ஆம்ப்ளிஃபயரைப் போட வேண்டும். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயரை முதலில் அணைக்க வேண்டும்.